மருந்தின் நாலாங்கூறு

(வெள்ளவத்தையில் நடைபெற்ற சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இம்மேடையிலே பேச வருவோர் இலக்கியம், சமயம், வரலாறு என்னும் மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்வது வழக்கம். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அம்மூன்றிலும் அடங்காதது. கொவிட் பெருந்தொற்றுக் காலத்திலே, அதற்கு முன்னரே மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த மக்கள் என்ன பட்டார்கள் என்பதே என் பேச்சின் பொருள். நான் வைத்தியன் அல்லன்; வைத்தியம் பயில்பவனும் அல்லன். கலைப்பீடத்து மாணவன் ஒருவன், அவ்வளவே. ஆனால் இந்த விடயம் வைத்தியர்களிடம் மாத்திரம் விட்டுவிடத்தக்கது அன்று என்று நான் கருதுகிறேன். அதற்கான காரணத்தை முடிவிலே சொல்வேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். பெருந்தொற்றினால் உலகத்தார் மனம் நொந்தது உண்மை. முதலாண்டிலே பதகளிப்பும் மனச்சோர்வும் உலகெங்கும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அதிகரித்ததென உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அறிவித்தது. அதைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின, வானொலியிலே பேசினர். ஆனால் நான் பேசுவது புதிதாக மனம் நொந்தவர்களைப் பற்றியன்று. 2020ஆம் ஆண்டு பிறக்கும்போதே கையில் கிளினிக் கொப்பியும், மேசையில் மாத்திரைப் பையும், நாட்காட்டியில் வட்டமிட்ட ஒரு திகதியும் உடையவர்களாய் இருந்தவர்களைப் பற்றியே பேசுகிறேன். ஊர் முழுதும் நோவெடுத்தபோது பழைய நோயாளியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கொடை என்னும் ஊர்ப்பெயரைக் கேட்டால் நம்மவர் மனத்தில் என்ன தோன்றுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கொழும்பிலே ஒருவனை ஏளனம் செய்ய அங்கொடை, யாழ்ப்பாணத்திலே மந்திகை, சென்னையிலே கீழ்ப்பாக்கம். ஊர் வேறு, ஏளனம் ஒன்று. அங்கு வாழும் மக்களுக்கும் அங்கு பணிபுரியும் தாதியருக்கும் இதைவிடப் பெரிய அநீதி இல்லை. அந்த அங்கொடையிலேதான் தேசிய மனநல நிறுவகம் இருக்கிறது. ஐ.டி.எச். என்று நாம் அழைக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவகமும் அதே அங்கொடையிலேதான் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு ஜனவரி 27ஆந் திகதி இந்நாட்டில் முதன்முதலாக இனங்காணப்பட்ட கொவிட் நோயாளி, சீன தேசத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி, அந்த ஐ.டி.எச். வைத்தியசாலையிலேதான் சிகிச்சை பெற்றுக் குணமடைந்தார்.

அதற்குப் பின்வந்த மாதங்களிலே நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஒரு வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்றால் அயலார் சன்னலைச் சாத்தினார்கள். கதவிலே அறிவித்தல் ஒட்டப்பட்டது. அம்புலன்ஸ் வந்து நின்றால் ஒழுங்கை முழுவதும் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்தது. குணமடைந்து வந்தவரையும் கடைக்காரர் தூரத்தில் நிறுத்தினார். மானமுள்ள குடும்பங்கள் தலைகுனிந்து நின்றன. அன்பர்களே, மனநோயாளர் குடும்பங்கள் நெடுங்காலமாக அறிந்திருந்த அனுபவம் இதுவேயாகும். ஒரு சில கிழமைகளுக்கு இலங்கை முழுவதும் அதைச் சுவைத்துப் பார்த்தது. வித்தியாசம் ஒன்றுதான். தொற்று வந்தவரின் இழிவு பதினான்கு நாளில் கழிந்தது. மனநோயாளரின் இழிவுக்குத் திகதி குறிக்கப்படவில்லை.

நிற்க. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவிலே மருத்துவத்தை நாலு கூறாக வகுக்கிறார். நோயுற்றவன் ஒன்று, தீர்க்கும் வைத்தியன் இரண்டு, மருந்து மூன்று, பக்கத்திலிருந்து பராமரிப்பவன் நாலு. நாலும் சேர்ந்தாலன்றி வைத்தியம் இல்லை என்பது அவர் கருத்து. பெருந்தொற்று இந்த நாலையும் எவ்வாறு தாக்கியது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, நோயுற்றவர். 2020 மார்ச் 20ஆந் திகதி மாலை நாடளாவிய ஊரடங்குச் சட்டம் பிறந்தது. கொழும்பு மாவட்டத்திலே அது மே 26 வரை, ஏறத்தாழ இரண்டு மாதம் தளராது நீடித்தது. அவ்வருடம் ஒக்டோபரிலே கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் மறுபடி பூட்டப்பட்டன. 2021 மே மாதத்தில் பயணத்தடை. ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மறுபடி ஊரடங்கு. இக்காலமெல்லாம் வீட்டுக்குள் இருந்தவர்களுள் மனநோயாளர் எல்லாரும் ஒரே வகையாகத் துன்புற்றார்கள் என்று நினைத்தல் தவறு.

என் தாயாரின் தமையனார் ஒருவர் இருக்கிறார். இருபது வருடங்களுக்கு மேலாக மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர். தம் பெயரைச் சொல்லாமல் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று அனுமதி தந்திருக்கிறார். ஊரடங்கின் இரண்டாங் கிழமை, வீட்டிலுள்ள எல்லாரும் அடைபட்டுக் கிடப்பதைப் பற்றி முறையிட்டுக்கொண்டிருந்தபோது அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "மருமோன், நீங்கள் எல்லாரும் இப்பதான் வீட்டுக்குள்ள இருக்கப் பழகுறியள். எனக்கு இருவது வருசப் பழக்கம்." அவர் மேலும் சொன்னது: "வேலை என்ன, கலியாணம் ஏன் இல்லை எண்டு கேக்கிறதுக்கு ஒருத்தரும் வாறேல்லை. எனக்கு இது நல்ல காலம்."

இது அவர் ஒருவரின் அனுபவம் மாத்திரமன்று. இங்கிலாந்திலே 2020ஆம் ஆண்டில், மனநல சேவையை நாடிய அனுபவமுடையவர்களே கேள்வி கேட்போராக அமர்ந்து, தம்மைப் போன்றவர்களைப் பேட்டிகண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். அங்கும் சிலர், ஊரெல்லாம் அடங்கிக் கிடந்தபோது தம்மேல் இருந்த பாரம் குறைந்ததென்று சொன்னார்கள். தாம் மாத்திரம் வேலையின்றி நண்பரின்றி இருந்த நிலை மாறி, எல்லாரும் அப்படி இருந்த காலம் அது. ஆனால் அந்த நிம்மதிக்குப் பின்னால் ஓர் ஆபத்தும் இருந்தது. வெளியே போகப் பல வருடம் முயன்று பழகியவர், சில மாதத்தில் அப்பழக்கத்தை இழந்தார். கதவு திறந்தபோது மற்றவர்கள் ஓடினார்கள். அவர்கள் உள்ளேயே நின்றார்கள்.

வேறு சிலருக்கோ அக்காலம் முதல் நாளிலிருந்தே நரகமாயிருந்தது. கையில் அழுக்கு ஒட்டியிருக்கிறதென்ற எண்ணம் நீங்காது, மணிக்கணக்காகக் கை கழுவும் ஒரு நோய் உண்டு. "ஒருமுறை கழுவினாற் போதும், கதவுப்பிடியைத் தொட்டால் ஒன்றும் ஆகாது" என்று வைத்தியர் வருடக்கணக்காகப் பயிற்றிய ஒருவரைப் பார்த்து, அரசாங்கமும் வானொலியும் கோயில் வாசற் பலகையும் ஒரே குரலில், "கழுவு, கழுவு, எதையும் தொடாதே" என்றன. அவர் எதை நம்புவார்? தம்மை யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற அச்சத்தினால் வருந்தும் ஒருவர், தொற்றாளரோடு பழகியவர்களைப் புலனாய்வுப் பிரிவினரும் தேடுகிறார்கள் என்று செய்தியில் கேட்டார். வெள்ளை அங்கி அணிந்து முகம் மறைத்தவர்கள் அயல்வீட்டாரை ஏற்றிச் செல்வதைக் கண்ணாலே கண்டார். நோய் சொன்ன பொய்யும் உலகம் சொன்ன மெய்யும் ஒன்றுபோலத் தோன்றிய காலம் அது.

இதனோடு உயிராபத்தும் சேர்ந்தது. நியூயோர்க் நகரிலே கொவிட் தொற்றிய ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2021 ஜனவரியில் வெளியான ஆய்வொன்று, மனச்சிதைவு நோயுடையோர் இறக்கும் வாய்ப்பு, வயது முதலியவற்றைக் கணக்கிற் கொண்ட பின்னரும், மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்குக்கும் மேலிருந்ததெனக் கண்டது. தென்கொரியாவில் சொங்டோ என்னும் ஊரிலுள்ள ஒரு வைத்தியசாலையின் மனநோய் விடுதியிலே, 2020 பெப்ரவரியில், அங்கிருந்த ஏறத்தாழ நூறு பேருள் மிகச் சிலர் தவிர எல்லாருக்கும் தொற்றியது. அந்நாட்டில் கொவிட்டினால் இறந்த முதலாவது மனிதர், அந்த விடுதியிலே இருபது வருடத்துக்கு மேல் கிடந்த ஒருவராவார். இருபது வருடம் வெளியுலகம் அவரைத் தேடி வரவில்லை. முதலில் வந்தது தொற்று.

இதைக் கண்டு சில நாடுகள் விழித்துக்கொண்டன. இங்கிலாந்திலே தடுப்பூசி வரிசையில் கடும் மனநோயாளர் முற்பட்ட குழுக்களுள் ஒன்றில் சேர்க்கப்பட்டார்கள். ஐக்கிய அமெரிக்காவின் நோய்த் தடுப்பு நிலையம் 2021 ஒக்டோபரிலே மனச்சிதைவையும் மனச்சோர்வையும் கொவிட் ஆபத்தைக் கூட்டும் நோய்களின் பட்டியலில் எழுதியது. நீரிழிவு, இருதயநோய் என்பவற்றோடு ஒரே தாளில் மனநோயும் எழுதப்பட்டது சிறு காரியம் அன்று.

இரண்டாவது, வைத்தியர். உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டிலே 130 நாடுகளில் விசாரித்தபோது, நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று நாடுகளில் மனநல சேவைகள் தடைப்பட்டோ நின்றோ போயிருந்தன. தொற்றாளருக்குக் கட்டில் வேண்டும், தாதியர் வேண்டும் என்றபோது, முதலிற் கைவைக்கப்பட்டது மனநல விடுதியிலும் கிளினிக்கிலுமே. நம் நாட்டில் தேசிய மனநல நிறுவகம் 1926 என்னும் இலக்கத்தில் நடத்தும் தொலைபேசி சேவை இக்காலத்தில் பலருக்குக் கைகொடுத்தது. வைத்தியர்கள் பலர் தொலைபேசியிலே நோயாளரோடு பேசினார்கள். அவர்களை நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

ஆயினும் தொலைபேசி வைத்தியத்தின் எல்லையை அதைப் பெற்றவர்களே அறிவார்கள். கொட்டாஞ்சேனைத் தோட்டத்து வீடொன்றைக் கற்பனை செய்யுங்கள். ஓர் அறை, ஆறு பேர், ஒரு தொலைபேசி. அங்கிருந்துகொண்டு ஒரு பெண், "எனக்குச் சாக வேண்டும்போல் இருக்கிறது" என்று வைத்தியருக்கு எப்படிச் சொல்வாள்? மாமியார் பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருக்கிறார். வெள்ளவத்தை மாடிவீட்டிலும் சுவர் மெல்லியது. கிளினிக்கின் சிறு அறையும் சாத்திய கதவும் வெறும் வசதிகள் அல்ல. அவையே சிகிச்சையின் பாதி.

மொழியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. காலில் புண் என்றால் விரலாற் காட்டலாம். மனத்தின் புண்ணுக்குக் காட்டும் விரல் சொல் ஒன்றே. நம் தமிழ் நோயாளர் பலர் சிங்கள மொழி பேசும் வைத்தியரிடம் அரைகுறைச் சொற்களோடு செல்கிறார்கள். நேரிலே முகக்குறிப்பும் கண்ணீரும் மிச்சத்தை விளக்கும். தொலைபேசியிலே அதுவும் இல்லை. பின்னர் நேரில் போனபோது முகக்கவசம் பாதி முகத்தை மறைத்தது. "மனசு ஒரு மாதிரி இருக்கு" என்பதை எந்த அகராதி மொழிபெயர்க்கும்? "கொஞ்சம் சரியில்லை" என்று சொல்லி மருந்தை வாங்கிக்கொண்டு வந்தவர் எத்தனை பேரோ!

மூன்றாவது, மருந்து. ஊரடங்கு தொடங்கியபின் கிளினிக் நோயாளரின் மருந்துகளைத் தபால்காரர் மூலம் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டை அரசாங்கம் செய்தது. நல்ல ஏற்பாடு. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் அது பெரிதும் உதவிற்று. ஆனால் மனநோய் மருந்துகளுட் சில, தபாற்பைக்குள் அடங்காதவை. மாத்திரையை நாடோறும் விழுங்க முடியாதவர்களுக்கென, இரண்டு கிழமைக்கு அல்லது மாதத்துக்கு ஒருமுறை தாதியார் போடும் ஊசி உண்டு. ஊசியைத் தபாலில் அனுப்பலாம். போடும் கையை அனுப்ப முடியாது. குளோசபின் என்னும் மருந்து, வேறெதற்கும் வசப்படாத மனச்சிதைவுக்கு மிகச் சிறந்தது. ஆனால் அது சிலருக்கு வெள்ளை இரத்த அணுக்களைக் குறைத்துவிடும். ஆகவே முதற் பதினெட்டுக் கிழமை கிழமைதோறும், பின்னரும் குறித்த இடைவெளியில், இரத்தம் சோதிக்கப்பட வேண்டும். அதை உட்கொள்பவருக்குக் காய்ச்சல் வந்தால் கொவிட்டா, இரத்த அணுக்கள் குறைந்ததனால் வந்த தொற்றா என்பதை உடனே அறிய வேண்டும். லித்தியம் அருந்துபவர் காய்ச்சலினாலோ வயிற்றுப்போக்கினாலோ உடலின் நீரை இழந்தால், அம்மருந்தே நஞ்சாகக்கூடும். இவையெல்லாம் வீட்டுச் சுவருக்குள் இருந்து தீர்க்கத்தக்க காரியங்கள் அல்ல. 2020இலே உலகின் பல நாட்டு மனநோய் வல்லுநர்கள் கூடி, நெடுங்காலம் குளோசபின் எடுத்து நலமாயிருப்பவர்களுக்கு இரத்தச் சோதனையின் இடைவெளியை மூன்று மாதம் வரை நீட்டலாம் என்று வழிகாட்டினார்கள். கண்டிப்பான விதியையும் காலமறிந்து தளர்த்தலாம் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

என் மாமனாருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருக்கு மாதம் ஓர் ஊசி. ஏப்ரல் மாதத்து ஊசிக்குரிய கிளினிக் நடைபெறவில்லை. அறிவித்தவர் இல்லை. அவ்வைத்தியசாலையின் பெயர் இங்கு வேண்டியதில்லை. அப்போது எல்லா இடத்திலும் எல்லாரும் திகைத்து நின்றார்கள். மே மாதத்து ஊசியும் தவறிற்று. முதலில் அவருடைய நித்திரை போயிற்று. பிறகு இரவிலே மாடிப்படியில் ஏறி இறங்கத் தொடங்கினார். பிறகு உணவை முகர்ந்து பார்த்து ஒதுக்கினார். நல்ல காலம் என்று சிரித்துச் சொன்ன அதே மனிதர், ஆறு கிழமையின் பின் எங்கள் முகத்தையே சந்தேகத்தோடு பார்த்தார். அம்மாவுக்கு அது என்னவென்று தெரியும்; இருபது வருடத்துக்கு முன் ஒருமுறை கண்டவர். ஊரடங்கு அனுமதிப் பத்திரத்துக்குக் காரணம் எழுத வேண்டும். என்ன நோய் என்று எழுதுவது? பத்திரம் போகும் வழியில் தெரிந்தவர் எத்தனை பேர்! அந்த ஒரு கேள்வியில் மூன்று நாள் போயிற்று. இறுதியில் அம்மா உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். அனுமதி அன்றே கிடைத்தது. பத்திரத்தை வாங்கிப் படித்த பொலிஸ்காரர் ஒரு சொல்லும் கேளாமல் முச்சக்கரவண்டியைப் போக விட்டார்.

ஊசி போட்டபின் அவர் தெளிய இரண்டு மாதம் சென்றது. தெளிந்தபின் நான் கேட்டேன், அக்காலத்தில் அவருக்கு எது பெரிய இழப்பாயிருந்ததென்று. மருந்து என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொன்னது, கிளினிக் நாள். காலையிலே பஸ் ஏறுவது, வாங்கிலே இருந்து பழகிய முகங்களோடு பேசுவது, தம் பெயரை அறிந்த தாதியார் ஒருவர் "சாப்பிட்டீர்களா" என்று கேட்பது, வரும் வழியில் தேத்தண்ணீரும் வடையும். மாதத்தில் அந்த ஒரு நாளிலே அவர் யாருடைய தமையனும் அல்லர், யாருடைய சுமையும் அல்லர். தம் காரியத்தைத் தாமே பார்க்கும் மனிதர். நாம் கிளினிக்கை மருந்து கொடுக்கும் இடமென்று நினைக்கிறோம். அவர் அதை உலகத்தின் வாசலென்று நினைத்திருந்தார்.

நாலாவது கூறு, பக்கத்திலிருந்து பராமரிப்பவர். நம் நாட்டிலே மனநோயாளரைத் தாங்குவது பெரும்பாலும் குடும்பமே. அக்குடும்பத்திலும் ஒருவர் மாத்திரமே. பெரும்பாலும் ஒரு தாய், அல்லது ஒரு சகோதரி. வெள்ளவத்தையில் எத்தனை மாடிவீடுகளில், பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, எழுபது வயதுத் தாய் ஐம்பது வயது மகனுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள்! 2020 மார்ச்சிலிருந்து 2021 ஜனவரி வரை விமான நிலையம் சாதாரண பிரயாணிகளுக்குப் பூட்டிக் கிடந்தது. அந்தத் தாய் தொற்றினால் வைத்தியசாலைக்குப் போனால் மகனுக்கு யார்? இந்தக் கேள்வியை அவள் ஒவ்வோர் இரவும் தனக்குத்தானே கேட்டிருப்பாள். கோயில்களும் தேவாலயங்களும் பூட்டப்பட்டிருந்தன. துன்பத்தை இறக்கி வைக்கும் ஒரு படியும் அவளுக்கு இல்லாமற் போயிற்று. இறந்தவர் முகத்தைப் பார்த்து அழுவதற்கும் வழியில்லை. நம் அயலவரான முஸ்லிம் மக்களோ, 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, தம் சமயத்துக்கு மாறாகத் தம்மவர் உடல் எரிக்கப்படுவதைக் கண்டு நின்றார்கள். அழ முடியாத துக்கம் எங்கே போகும்? அது வீட்டுக்குள்ளேதான் தங்கும்.

சபையோர்களே, நான் கிறிஸ்தவ மிஷன் பாடசாலை ஒன்றிலே படித்தவன். அங்கே காலை வகுப்பில் கேட்ட கதை ஒன்று: கல்லறைகளின் நடுவே வாழ்ந்த ஒரு மனிதன், ஊரார் அவனைச் சங்கிலியாற் கட்டியிருந்தார்கள். அவன் தெளிந்து உடை உடுத்தி உட்கார்ந்திருந்ததைக் கண்டபோது, ஊரார் மகிழவில்லை. பயந்தார்கள் என்று அக்கதை சொல்கிறது. சிறுவயதில் எனக்கு அது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. நோயாளி வெளியே இருக்கும்வரை ஊருக்கு ஒரு வேலையும் இல்லை; அவன் திரும்பி வந்தாற்றான் ஊருக்கு வேலை உண்டு. நம் மரபோ இறைவனையே பித்தன் என்று அன்போடு பாடிய மரபு. ஆயினும் பித்துற்ற மனிதனை நாமும் உள்ளறையிலேதான் இருத்துகிறோம்.

இனி, செய்யத்தக்கது யாது? அவநம்பிக்கை கொள்ள வேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டிலே இலங்கையில் இலட்சத்துக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்று அது. கொடிய பீடைநாசினிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. 1998இலே தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டம் நீக்கப்பட்டது. 1974 முதலே சுமித்ரயோ என்னும் தொண்டு நிறுவனத்தார் துன்புற்றோரின் சொல்லைச் செவிமடுத்து வந்தார்கள். பின்வந்த வருடங்களில் அவ்வீதம் பெரிதும் தாழ்ந்தது. 2004இன் ஆழிப்பேரலைக்குப் பின், 2005இலே, சிகிச்சை அங்கொடையிலே குவிந்து கிடவாது மாவட்டந்தோறும் பரவ வேண்டும் என்று ஒரு மனநலக் கொள்கை வகுக்கப்பட்டது. பேரிடர் கற்பித்ததை இந்நாடு கற்றுக்கொண்டதுண்டு. ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் கொவிட் அவசரநிலையை நீக்குவதற்கு முன்னரே, 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து பாதைகளை அறுத்தது. ஒவ்வொரு முறையும் முதலில் அறுபடுவது நான் சொன்ன அந்த நாலு கூறும் சேரும் முடிச்சே. அடுத்த இடர் எதுவென்று தெரியாது. அந்த முடிச்சு எங்கே இருக்கிறதென்று தெரியும்.

ஆகவே மூன்று காரியங்களை இச்சங்கத்தின் முன் வைக்கிறேன்.

ஒன்று: வீட்டில் நோயாளர் உள்ள ஒவ்வொரு குடும்பமும், மருந்தின் பெயர், அளவு, அடுத்த ஊசியின் திகதி, கிளினிக் இலக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, நம்பிக்கையான இன்னொருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வைத்தல். தாய் வைத்தியசாலைக்குப் போனாலும் மகனின் மருந்து தடைப்படாது.

இரண்டு: கிளினிக்குக்குக் கூடச் செல்லவும், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்த்து உதவவும், நம்மில் ஐந்தாறு பேர் பெயர் கொடுத்தல். களுபோவிலை வைத்தியசாலை நமக்கு அண்மையிலேதான் இருக்கிறது. "யார் வந்து தம் வீட்டில் மனநோயாளர் உண்டென்று சொல்வார்கள்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆகவே என்ன நோய் என்றே கேட்க வேண்டாம். நீரிழிவோ, இருதயநோயோ, எதுவாயினும், கையில் கிளினிக் கொப்பி உள்ள எவருக்கும் துணை செல்வோம் என்று அறிவிப்போம். அந்தப் பொது வரிசையிலே மனநோயாளரும் ஒருவராய் வந்து நிற்கட்டும். கண்டதை வெளியே சொல்லாதிருப்பதும், மருந்தைப் பற்றி நம் புத்திமதியைச் சொல்லாதிருப்பதும் துணை செல்பவரின் விரதமாகட்டும்.

மூன்று: அங்கொடை, மந்திகை, கீழ்ப்பாக்கம் என்ற ஏளனத்தை நம் வாயிலிருந்து நீக்குதல். இதற்குப் பணம் வேண்டாம், கூட்டம் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம்.

வைத்தியர்களிடம் மாத்திரம் இதை விட்டுவிடலாகாது என்று தொடக்கத்தில் சொன்னேன். காரணம் வள்ளுவர் வகுப்பிலேயே இருக்கிறது. நாலு கூறுகளில் வைத்தியர் தரக்கூடியவை இரண்டு. நோயாளர் தம் பங்கைச் செய்து வருகிறார். நாலாவது கூறு வைத்தியசாலையிலே உற்பத்தியாவதன்று, பார்மசியிலே விற்கப்படுவதன்று. அது அயல்வீட்டிலிருந்து வரவேண்டியது. அதற்கான பெயர்ப்பட்டியல் ஒன்றை இக்கூட்டம் முடிந்ததும் வாசலிலே வைத்திருப்பேன். விரும்பியவர்கள் ஒப்பமிடலாம்.